வீடியோ கேசட்டை டிஜிட்டலாக்குவது: ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்ன வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் உடனே வருகிற பதில் ஒன்றுதான்: யு.எஸ்.பி. கேப்சர் கருவி ஒன்று வாங்கு, வயரைச் செருகு, ரெகார்டு பட்டனை அழுத்து, முடிந்தது. இந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். விட்டுப்போன மறுபாதியால்தான் இத்தனை பேருடைய படங்கள் ஆடிக்கொண்டும், கோடு கோடாகவும், முகங்கள் அகலமாக இழுபட்டும் வந்து சேர்கின்றன. அதைப் பார்த்துவிட்டு ‘கேசட் பழசு, இவ்வளவுதான் வரும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பல நேரம் கேசட்டில் அதைவிட நல்ல படம் இருக்கிறது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நிறையச் செலவழிக்கத் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிக்கனமாகச் செய்யப் போனால், இருக்கிற கொஞ்சக் காசையும் தப்பான இடத்தில் போட்டுவிடுவோம். அதனால் எந்தக் கருவி நல்லது என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கேசட் எப்படிப் படம் காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

## கேசட் ஒரு ஃபைல் இல்லை

பென்டிரைவில் இருக்கும் வீடியோவை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது எண்கள்தான் போகின்றன. பத்து முறை நகலெடுத்தாலும் பத்தும் ஒன்றேதான். வீடுகளில் அதிகம் புழங்கிய வீடியோ கேசட் வகையான வி.எச்.எஸ். கேசட்டில் எண்களே கிடையாது, அதில் இருப்பது கூடிக் குறையும் ஒரு காந்தத் தடம். இப்படி ஏறி இறங்கும் அலையாகவே பதிவதை அனலாக் என்கிறோம், எண்களாகப் பதிவதை டிஜிட்டல் என்கிறோம்.

ஒரு பழைய கடிதம் இருக்கிறது, அந்தக் கையெழுத்தை ஒரே ஒரு பெரியவரால்தான் படிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். அவர் திக்கினால் நீங்கள் எழுதுவதும் திக்கும், அவர் ஒரு வரியை முழுங்கிவிட்டால் உங்கள் தாளிலும் அந்த வரி இருக்காது, கண்ணாடி போடாமல் வாசித்தால் தப்பும் தவறுமாகத்தான் வரும். உங்கள் கையில் எவ்வளவு உசத்தியான பேனா இருந்தாலும் இதில் எதுவும் மாறப்போவதில்லை. இங்கே வாசிக்கிற பெரியவர்தான் டெக், அதாவது கேசட்டைப் போட்டு ஓட்டும் வி.சி.ஆர். பேனா பிடித்திருப்பது கேப்சர் கருவி: டெக்கிலிருந்து வரும் அலையை நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்ளும் சின்னப் பெட்டி.

இந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் தானாகத் தெளியும். ஒன்று, வேகப்படுத்த வழியில்லை: 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். இரண்டு, ஒரே கேசட்டை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு பதிவும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, ஒவ்வொரு ஓட்டமும் ஒரு புது வாசிப்பு. ‘கன்வெர்ட் பண்ணுவது’ என்று எல்லோரும் சொல்கிற சொல் இந்த இடத்தில்தான் வழிதவற வைக்கிறது, ஏனென்றால் அது ஏதோ மென்பொருள் வேலை போலக் காதில் விழுகிறது. வேலையில் பெரும்பகுதி மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே, அந்தச் சுழலும் இயந்திரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

## நாடாவில் என்னதான் இருக்கிறது

ஒலி கேசட்டில் பாட்டு நீளவாக்கில் கோடாகப் பதிந்திருக்கும். நாடா ஹெட்டை உரசிக்கொண்டு போகும், ஒலி வரும். ஹெட் என்பது காந்தத் தடத்தை மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும் சிறு உறுப்பு. படத்துக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. ஒரு படத்தில் இருக்கும் தகவல் ஒலியைவிட மிக மிக அதிகம், அதை இப்படி நீளவாக்கில் எழுதினால் நாடா நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் ஓட வேண்டும், ஒரு மணி நேரப் படத்துக்கு 17, 18 கிலோமீட்டர் நாடா வேண்டும்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு தருவது: நாடாவை மெதுவாக நகரவிட்டு, ஹெட்டை வேகமாகச் சுற்றவிட்டார்கள். டெக்கின் மூடியைத் திறந்தால் பளபளவென்று சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் உருளை தெரியும், அதன் பெயர் டிரம், விட்டம் 62 மில்லிமீட்டர். அதன் விளிம்பில்தான் ஹெட்டுகள் பதிந்திருக்கின்றன. டெலிவிஷன் உலகம் பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இரண்டு பெரிய முறைகளாகப் பிரிந்து கிடந்தது, முதலாவதில் நொடிக்கு 25 படம், இரண்டாவதில் ஏறக்குறைய 30. பால் டெக்கில் டிரம் நொடிக்கு 25 முறை சுற்றுகிறது, நாடாவோ நொடிக்கு 2.34 செ.மீ. மட்டுமே நகர்கிறது. நாடா சாய்வாக உருளையைச் சுற்றிச் செல்வதால் தடங்கள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக விழுகின்றன. ஒரு தடத்தின் அகலம் 49 மைக்ரான், மெல்லிய தலைமுடி அளவுதான்.

தலைமுடி அகலமுள்ள சாய்கோட்டின் மேலேயே, நொடிக்கு 25 முறை சுற்றிக்கொண்டு, ஹெட் பிசகாமல் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினால் பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும், படத்தில் மணல் தூவியது போலக் கோடுகள் வரும். ஹெட்டைத் தடத்தின் மேல் சரியாக நிறுத்துவதற்குத்தான் டிராக்கிங் என்று பெயர். ஒரு டெக்கில் பதிந்த கேசட் இன்னொரு டெக்கில் மோசமாக ஓடுவதும் இதனால்தான்: இரண்டு டெக்கின் சாய்வும் இம்மியளவு வேறுபட்டிருக்கும். நல்ல படம் வரவில்லையென்றால் கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் டிராக்கிங்கைத் திருகிப் பாருங்கள், முடிந்தால் வேறொரு டெக்கில் போட்டுப் பாருங்கள். அந்தக் கேசட் எந்த டெக்கில் பதிவானதோ அதுவே இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை.

ஒலிக்கு மட்டும் நாடாவின் ஓரத்தில் பழைய நீளவாக்குத் தடம் ஒன்று உண்டு. ஒலி கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், இது அதில் பாதி வேகம்தான், அதனால்தான் சாதாரண வி.எச்.எஸ். ஒலி மந்தமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். பின்னாளில் வந்த ஹை-ஃபை டெக்குகள் ஒலியையும் சுழலும் ஹெட்டால் படத்துக்கு அடியில் பதிந்தன, அது அருமையாக இருக்கும். ஆனால் டிராக்கிங் பிசகினால் இந்த ஹை-ஃபை ஒலியில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், அப்போது டெக்கின் மெனுவில் ஓரத்தடத்துக்கு மாற்றிக்கொண்டால் மந்தமாக இருந்தாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கேசட்டில் இருப்பது நுண்ணிய சாய்கோடுகள், அவற்றைப் படமாக்குவது ஒரு சுழலும் இயந்திரம், அந்த இயந்திரம் எவ்வளவு துல்லியமாக ஓடுகிறதோ அவ்வளவுதான் கேப்சர் கருவிக்குக் கிடைக்கும்.

## டெலிவிஷனில் நன்றாகத் தெரிகிறதே, கம்ப்யூட்டரில் ஏன் ஆடுகிறது

அடிக்கடி காதில் விழும் புகார் இது. டெலிவிஷன் படம் வரி வரியாக வரையப்படுகிறது. பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், ஒவ்வொரு வரிக்கும் 64 மைக்ரோநொடி. நாடா காலப்போக்கில் கொஞ்சம் நீண்டிருக்கும், சுருங்கியிருக்கும், டெக்கின் மோட்டார் வேகமும் நூல் பிடித்தாற்போல இருக்காது. அதனால் ஒரு வரி 64-க்குக் கொஞ்சம் முன்னால் வரும், அடுத்தது கொஞ்சம் தாமதமாக வரும். படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், நேராக நிற்க வேண்டிய கதவுச் சட்டமோ தூணோ நெளிநெளியாக ஆடும்.

பழைய குழாய் டெலிவிஷன்கள் இந்தத் தாமதத்தை அனுசரித்துப் போகும்படி செய்யப்பட்டவை, அவை வரிக்கு வரி தங்களைத் திருத்திக்கொள்ளும். கேப்சர் கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில இடங்களில் நெளிவை அப்படியே எழுதும், சில இடங்களில் குழம்பிப்போய் முழுப் படத்தையே விட்டுவிடும். விடுபட்ட படங்கள் சேரச் சேர ஒலியும் உதட்டசைவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும்.

இதற்கு மருந்து டைம்பேஸ் கரெக்டர், சுருக்கமாக டி.பி.சி. நம் கடிதக் கதைக்கே வருவோம். பெரியவர் ஒரு சொல்லை இழுக்கிறார், அடுத்ததை அவசரமாகச் சொல்கிறார். நடுவில் ஒருவர் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் காதில் வாங்கி ஒரு கணம் நிறுத்தி, சீரான தாளத்தில் உங்களிடம் திருப்பிச் சொல்கிறார். டி.பி.சி. செய்வது அதுதான்: ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் பிடித்து வைத்து, சரியான இடைவெளியில் வெளியே விடுகிறது.

தனிப்பெட்டியாக வரும் தொழில்முறை டி.பி.சி.க்கள் சிக்கனக்காரர்களுக்கானவை அல்ல. ஆனால் சுற்றுவழி உண்டு. பழைய டி.வி.டி. ரெகார்டர்கள் சிலவற்றில் இந்த வேலையைச் செய்யும் சிப் உள்ளேயே இருக்கிறது. பானசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 என்ற இரண்டும் இதற்காகவே இந்தத் துறைக்காரர்களிடம் பெயர் பெற்றவை. அவற்றில் டி.வி.டி. எதுவும் எழுத வேண்டாம், தட்டு ஓடாமல் போயிருந்தாலும் கவலையில்லை. டெக்கிலிருந்து வரும் வயரை ரெகார்டரின் உள்வழியில் செருகி, ரெகார்டரின் வெளிவழியிலிருந்து கேப்சர் கருவிக்குக் கொண்டு போனால் போதும், வழியில் போகும்போதே நெளிவின் பெரும்பகுதி நிமிர்ந்துவிடும். வி.எச்.எஸ்.-இன் மேம்பட்ட வகையான எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் டி.பி.சி. உள்ளேயே உண்டு. 8 மி.மீ. வகைக் கேசட் வைத்திருப்பவர்கள் டிஜிட்டல்8 கேமராவில் போட்டு ஓட்டினால், பழைய கேசட்டைப் படிக்கத் தெரிந்த மாடலாக இருக்கும் பட்சத்தில், இந்த வசதி பெரும்பாலும் கூடவே கிடைக்கும்.

## காசை எங்கே போடுவது

இவ்வளவு சொன்ன பிறகு என் வரிசை ஆச்சரியமாக இருக்காது. முதலில் டெக். கையில் இருக்கும் காசில் பெரும்பங்கை நன்றாக ஓடுகிற, பராமரித்து வைத்த ஒரு டெக்குக்குக் கொடுங்கள், அல்லது கையில் ஏற்கெனவே இருக்கும் டெக்கைச் சரிபார்க்கக் கொடுங்கள். இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. புது டெக் என்று ஒன்று இனி வரப்போவதில்லை: கடைசி வரைக்கும் வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, உதிரி பாகங்கள் கிடைக்காதது ஒரு காரணம். அதாவது இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டெக்கும் இருக்கிற ஆயுளில்தான் ஓடுகிறது.

அடுத்தது வயர். மஞ்சள் முனை கொண்ட ஒற்றை வயருக்கு காம்போசிட் என்று பெயர், அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். எஸ்-வீடியோ என்ற வட்ட முனை வயரில் இரண்டும் தனித்தனியாக வரும். வி.எச்.எஸ். நாடாவில் வெளிச்சமும் நிறமும் வேறு வேறு அலைவரிசையில் பிரிந்தே பதிந்திருப்பதால், டெக்கில் எஸ்-வீடியோ முனை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இரண்டையும் கலந்து மறுபடி பிரிக்கிற வீண்வேலை மிச்சம். இல்லையென்றால் காம்போசிட்டே போதும், அதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவதுதான் கேப்சர் கருவி. மிக மலிவானவற்றில் ஒரே தோற்றத்தில் உள்ளே வேறு வேறு சிப் இருப்பது உண்டு, அதனால் ஒருவருக்கு நன்றாக வேலை செய்தது இன்னொருவருக்கு வராது. எந்த சிப் இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டருக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று: மஞ்சள் வயரை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. வருகிற மாற்றுப் பெட்டிகள் வேண்டாம். அவை டெலிவிஷனில் பார்ப்பதற்கானவை. பெரும்பாலும் படத்தைப் பெரிதாக்கி, அகலமாக இழுத்து, அதன் ஒற்றை, இரட்டை வரிகளை (இது பின்னால் வரும்) அரைகுறையாகக் கலந்துதான் வெளியே விடுகின்றன, ‘1080’ என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஒருமுறை கலந்த படத்தைப் பிறகு பிரிக்கவே முடியாது.

டெலிவிஷனில் ஓடவிட்டு மொபைலில் படம் பிடிப்பதையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். டெக் நாளைக்கே நின்றுவிடும், வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும் செய்யலாம்.

## ஓட்டுவதற்கு முன்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் திரும்ப வராது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தூவியது போல, அல்லது சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போடவே போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும், நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் கிழியும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டு மூடி வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டே கையாளுங்கள், மூச்சில் போவது நல்லதல்ல.

பூஞ்சை இல்லையா, சரி. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கும், அதை உடைத்துவிடுங்கள், இனி கை தவறி ரெகார்டு பட்டனை அழுத்தினாலும் மேலே எதுவும் பதியாது. குளிர்ந்த இடத்தில் இருந்த கேசட் என்றால் ஒரு நாள் முழுக்க அறையில் வைத்திருந்து, உள்ளே ஈரம் படியாமல் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கடைசி வரை ஒருமுறை ஃபார்வர்டு, திரும்ப ஒருமுறை ரீவைண்ட். ஆண்டுக்கணக்காக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருள் தளர்ந்து சீராகும், அப்புறம் ஓட்டும்போது ஆட்டம் குறையும்.

டெக்கையும் கவனிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியையோ மெல்லிய தோல் துண்டையோ டிரம்மின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மேற்புறத்தில் விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். நன்றாக உலர்ந்த பிறகு முதலில் போட வேண்டியது முக்கியமில்லாத ஒரு கேசட். அது பத்திரமாக ஓடி, பத்திரமாக வெளியே வந்தால்தான் ஒரே பிரதியாக இருக்கும் கேசட்டுக்குக் கை போக வேண்டும். டெக் நாடாவைத் தின்றுவிட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

## சீப்புப் பல் கோடுகள்

கேப்சர் செய்து கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததும் பலரும் திடுக்கிடுவது இதைப் பார்த்துத்தான். யாராவது கையை வீசினால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரிப் பிரிந்து தெரியும். இது பழுது அல்ல.

டெலிவிஷன் ஒரு படத்தை ஒரே வீச்சில் வரையவில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை வரிகள், பிறகு 2, 4, 6 என்று இரட்டை வரிகள். இந்த அரைப்படத்துக்கு ஃபீல்டு என்று பெயர், இரண்டு ஃபீல்டுகளைப் பின்னி ஒரு படமாக்குவதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். நம் டிரம்மின் இரண்டு ஹெட்டுகளும் ஆளுக்கொரு ஃபீல்டைப் படிக்கின்றன, ஆக நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒற்றை வரிகள் பிடிபட்ட கணமும் இரட்டை வரிகள் பிடிபட்ட கணமும் வேறு வேறு, இடையில் நொடியில் 50-இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கை நகர்ந்துவிடுகிறது. குழாய் டெலிவிஷன் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் கண்ணுக்குச் சீரான அசைவாகத் தெரிந்தது, கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் சீப்புப் பல் தெரிகிறது.

அரைப்படங்களை முழுப்படங்களாக மாற்றும் வேலைக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். இதைக் கேப்சர் செய்யும்போதே செய்யாதீர்கள். முதலில் வருவதை வந்தபடியே சேமித்துவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யலாம். செய்யும்போது நொடிக்கு 50 அரைப்படம் 50 முழுப்படமாக வரும்படி செய்யுங்கள். பலர் 25 ஆக்கிவிடுகிறார்கள், அதில் பாதி அசைவு தொலைந்துபோகிறது. ஓடிவரும் குழந்தை உயிரோடு ஓடிவருவது போலத் தெரிவதும் விட்டு விட்டு நகர்வது போலத் தெரிவதும் இந்த ஒரு தேர்வில்தான் இருக்கிறது. பி.டபிள்யு.டி.ஐ.எஃப். என்ற முறை வேகமாக முடியும், கியூ.டி.ஜி.எம்.சி. மெதுவாக ஓடும், ஆனால் விளைவு மிக நன்றாக இருக்கும், இரண்டுக்கும் காசு கிடையாது.

சுருக்கமாக: முதல் பதிவில் சீப்புப் பல் தெரிவதுதான் சரியான அடையாளம். அது இல்லாமல் வந்தால் வழியில் ஏதோ ஒன்று உங்கள் படத்தைக் கேட்காமலே கலந்துவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

## எந்த வடிவில் சேமிப்பது

இதில் இரண்டு ஃபைல் என்ற எண்ணம் வந்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்று மூலப்பிரதி, இன்னொன்று பார்ப்பதற்கும் பகிர்வதற்கும்.

வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைக்கு கோடெக் என்று பெயர். சுருக்குவதில் இரண்டு வகை. பெட்டியில் துணியை நன்றாக மடித்து அடுக்குவது ஒன்று: இடம் குறையும், எடுத்துப் பார்த்தால் எல்லாத் துணியும் இருக்கும். இது இழப்பில்லாச் சுருக்கம். பாதித் துணியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடுவது இன்னொன்று. அது இழப்புள்ள சுருக்கம், எச்.264 போன்றவை செய்வது இதுதான், எதை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று பார்த்து எடுக்கும். புதிதாகப் பிடித்த நல்ல படத்தில் இது அழகாக வேலை செய்யும். பழைய கேசட்டில் துகள் துகளாக இரைச்சல் அதிகம், இந்த வகைச் சுருக்கத்துக்கு இரைச்சலுக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், முகத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும்.

அதனால் மூலப்பிரதிக்கு இழப்பில்லாத கோடெக். ஹஃப்ஒய்யுவி, லாகரித், எஃப்.எஃப்.வி.1 மூன்றும் இலவசம். கடைசியாகச் சொன்னதை ஆவணக் காப்பகங்களே பயன்படுத்துகின்றன. அளவு 720-க்கு 576, என்.டி.எஸ்.சி. கேசட் என்றால் 720-க்கு 480. சுருக்காமல் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட் ஆகும், இந்தக் கோடெக்குகள் அதைப் பெரும்பாலும் 25 முதல் 40-க்குள் கொண்டுவந்துவிடும். பெரிய எண்தான், ஆனால் ஒரு சாதாரண வெளி ஹார்டு டிஸ்க்கே பல கேசட்டைத் தாங்கும், எடிட் முடிந்த பிறகு எஃப்.எஃப்.வி.1-க்கு மாற்றி வைத்தால் ஒரு எண்கூட இழக்காமல் இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

பதிவு செய்ய விண்டோஸில் விர்ச்சுவல்டப் போதும், அதுவும் இலவசம். ஓ.பி.எஸ். எல்லோருக்கும் தெரிந்த மென்பொருள்தான், ஆனால் நேரலைக்காக எழுதப்பட்டது, அரைப்படங்களை அப்படியே காப்பது அதன் வேலையல்ல. கருவியை இடையில் யு.எஸ்.பி. ஹப் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள், பதிவாகும்போது வேறு எதுவும் ஓட வேண்டாம், விடுபட்ட படங்களின் எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும். நிமிடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். வெள்ளைச் சட்டை வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் பிரகாசத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், தொலைந்த சட்டை மடிப்பைப் பிறகு மீட்க முடியாது.

பார்க்கும் பிரதிக்கு எச்.264, எம்.பி.4 ஃபைல். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் உள்பட எல்லாம் ஒரே இடத்தில் முடியும். படத்தின் விகிதம் 4:3 ஆக இருக்கட்டும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று திரை நிறைய இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள், வெட்டினால் தலையும் காலும் போய்விடும். கீழே ஓரத்தில் சில வரிகள் கிழிந்தது போல ஆடும், ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது, குழாய் டெலிவிஷனில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. பார்க்கும் பிரதியில் அதை மட்டும் கறுப்பால் மூடிக்கொள்ளலாம்.

## மினிடிவி கேசட் என்றால் கதையே வேறு

இதிலுள்ள ‘டிவி’ டெலிவிஷன் அல்ல, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம். 1995-இல் வந்த இந்தச் சின்னக் கேசட்டில் ஏற்கெனவே எண்கள்தான் பதிந்திருக்கின்றன. இதை மஞ்சள் வயர் வழியாக எடுப்பது, கையில் இருக்கும் அச்சுப் புத்தகத்தை ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதுவது போல. கேமராவில் ஃபயர்வயர் என்ற முனை இருக்கும், ஐ.லிங்க் என்றும் எழுதியிருப்பார்கள், அதன் வழியாக எடுத்தால் நாடாவிலுள்ள எண்களே வந்து சேரும், மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட். இதற்கும் நேரம் ஓடும் நேரம்தான். கேமராவில் யு.எஸ்.பி. முனையும் இருக்கலாம், ஆனால் பல மாடல்களில் அது புகைப்படத்துக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும்தான். ஃபயர்வயர் முனையுள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் மொத்தச் செலவும்.

## 4கே ஆக்கலாமா

வி.எச்.எஸ். படத்தில் குறுக்குவாக்கில் பிரித்துப் பார்க்கக்கூடிய நுணுக்கம் சுமார் 240 கோடுகள், நிறத்துக்கு அதைவிட வெகு குறைவு, அதனால்தான் சிவப்புச் சேலையின் நிறம் ஓரத்தைத் தாண்டி வழிந்து தெரிகிறது. இதை 4கே ஆக்குகிறோம் என்று சொல்லும் ஏ.ஐ. மென்பொருள் கேசட்டில் இல்லாத நுணுக்கத்தைக் கற்பனை செய்து நிரப்புகிறது. மரம், சுவர் என்றால் பரவாயில்லை. முகத்தில் செய்யும்போது கண்ணும் பல்லும் வேறு யாருடையவோ ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்காகத்தானே இவ்வளவு பாடும். செய்து பார்க்க ஆசைப்பட்டால் பிரதியில் செய்யுங்கள், மூலப்பிரதியில் கை வைக்க வேண்டாம்.

## பிடித்த பிறகு

ஃபைல் வந்துவிட்டது என்பதற்காகக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் அலையை டெக்கின் மற்ற சுற்றுகளுக்குப் போகும் முன்பே பிடித்து, மீதி வேலையை முழுக்க மென்பொருளில் செய்கிற வி.எச்.எஸ்.-டீகோட் போன்ற முயற்சிகள் நடக்கின்றன, இன்னொரு நல்ல வாசிப்புக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பை நம்பி இன்றைய வேலையைத் தள்ளிப்போடவும் கூடாது: டிஜிட்டலாக்கப்படாத காந்த நாடாக்கள் 2025-க்குப் பிறகு பெரும்பாலும் மீட்க முடியாமல் போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. நாடா தேய்வது மட்டுமல்ல, ஓட்டும் டெக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் குறைந்துகொண்டே போவதைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

கேசட்டை ரீவைண்ட் செய்து, படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மூலப்பிரதிக்கு இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பதிவானதை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், நடுவில் ஒலி நின்றுபோன பதிவு அப்போதுதான் தெரியவரும், டெக் இன்னும் மேசை மேல் இருக்கும்போதே திரும்ப எடுத்துவிடலாம். தனியாக உட்கார்ந்து பார்க்காமல், அந்தப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ‘12:40, வலது ஓரம், நீலச் சட்டை’ என்று நேரத்தோடு யார் யார் என்பதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, வீடியோவின் பெயரிலேயே அதன் பக்கத்தில் சேமியுங்கள்.